ரெட்ரோ ஸ்னீக்கர்: யாழ்ப்பாணத்துக் காலுக்கு எது ஒத்துவரும்?

கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917இல் கூடைப்பந்துக்கென வந்த சப்பாத்து. தட்டையான மெல்லிய அடிதான் அதன் அழகு. காலை வருத்துவதும் அதே அடிதான். குதி உயர்ந்திருக்காது, உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கலும் கிடையாது. நவீன சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போதும். கடையில் நாள் முழுக்க நிற்பவருக்குப் பின்னேரமே குதி நோகும்.

கொஞ்சம் கூடக் காசு கொடுத்து, அதே கான்வர்ஸின் சக் 70 மொடலை எடுப்பது நல்லது. துணி தடிப்பு, ரப்பர் பட்டை உயரம், உள்மெத்தையும் மேல். பாரம் கூட, மழையில் நனைந்தால் காயச் சுணங்கும். அளவும் பெரிதாக வரும். பலருக்கு வழக்கத்தைவிட அரை அளவு குறைவானதுதான் பொருந்தும். கோயிலுக்கு அடிக்கடி போகிறவர் கணுக்காலுக்கு மேல் வரும் மொடலைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு முறையும் லேசைத் தளர்த்தப் பஞ்சிப்பட்டுப் பின்பக்கத்தை மிதித்தே போட்டால், குதியைப் பிடிக்கிற விறைப்பு உடைந்துவிடும். பிறகு குதி வழுக்கிக் கொப்புளம் வரும்.

அடிடாஸ் சூப்பர்ஸ்டாரின் ரப்பர் மூக்கு எவ்வளவு போட்டாலும் இளகாது. செருப்போடு வளர்ந்த கால்கள் பெரும்பாலும் முன்பக்கம் அகன்றவை. கடையிலேயே சின்ன விரல் இடிபட்டால் வாங்க வேண்டாம். அடிடாஸின் சம்பா மொடல் இன்னும் ஒடுக்கம். நீண்ட நேரம் நிற்பவருக்கு எங்கள் தெரிவு ரீபொக் கிளப் சி 85: இளகிக்கொடுக்கும் தோல், அடியில் ஈவிஏ என்ற பாரமில்லாத நுரை மெத்தை, அகலமும் தாராளம். தோல் என்பதால் வெயிலில் கால் வேர்க்கும். பருத்தி மேசு கட்டாயம்.

பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, மேசோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். சொகுசுக்காகத் தடித்த இன்சோல் வைத்தால் குதி மேலெழும்பிக் கழன்றுவரும். கான்வாஸ் சப்பாத்துக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

மலிவு விலையில் கிடைக்கும் பழைய சரக்கில் கவனம். பொலியூரத்தேன் என்ற பிளாஸ்ரிக் நுரையாலான அடி, பெட்டியை விட்டு வெளியே எடுக்காமலேயே ஈரக்காற்றில் சிதையும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், நாலு நாள் நடந்தால் பொடியாக உதிரும். உள் லேபலில் தயாரிப்புத் திகதி இருந்தால் பாருங்கள். நடுஅடியைப் பெருவிரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ வைத்துவிடுங்கள். கான்வாஸ் வகையில் விரல் மடியும் இடத்தை வளைத்து, ரப்பர் பட்டை வாய் பிளக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வெள்ளைக் கான்வாசை அதில் கழுவி வெயிலில் போட்டால், காயும்போது வெண்படலமும், மிஞ்சிய சவர்க்காரத்தால் மஞ்சள் கறையும் வரும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் எடுங்கள். உள்ளே வெள்ளைத் துணியை அடைத்து நிழலில் காயவிடுங்கள்.