கியர் மாற்றக் கொடுத்தால் பல்லை எண்ணி வாங்குங்கள்

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். முழங்காலில் அப்படி ஒரு வலி. போன வருடம் இதே மலையை இதே சைக்கிளில் நிற்காமல் மிதித்து ஏறியவன் நான். இடையில் நடந்தது ஒன்றுதான்: மதுரையில் ஒரு கடையில் 4,800 ரூபாய் கொடுத்து கியரை மாற்றினேன்.

என்னுடையது சாதாரண 21 கியர் சைக்கிள். முன்னால் 48, 38, 28 பல்லில் மூன்று பல்சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு. திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தினமும் போய்வர அதில் மூன்று கியர் பயன்பட்டால் பெரிது. முன் லீவர் அடிக்கடி சிக்கும், செயின் உரசும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு, கைக்கு ஒரே லீவர் என்று ஆக்கிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தேன். அந்த யோசனை இப்போதும் சரிதான். ஊருக்குள் சமதரை, ரெண்டு பாலம், உசிலம்பட்டி ரோட்டில் ஆடி மாத எதிர்காற்று, வருடத்துக்கு நாலு தடவை மலை. இவ்வளவுக்கும் ஏழு கியர் போதும், பல் கணக்குச் சரியாக இருந்தால்.

கடையில் தெளிவாகவே சொன்னேன். "முன்னால 32 பல்லு, பின்னால பெருசு 34 வேணும்ணே. மலை ஏறணும்."

"கேசட்டே போட்டுருவோம் சார். சாயங்காலம் வாங்க."

பில்லில் 'கியர் செட் மாற்றம்' என்று ஒரே வரி. பளபளவென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மலையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பின்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்கு மட்டும் சாக்பீஸால் வெள்ளை பூசிவிட்டு, மகளை எண்ணச் சொன்னேன். "இருபத்தெட்டுதாம்ப்பா" என்றாள். நானும் எண்ணினேன். 28தான். முன் பல்சக்கரத்தில் கிரீஸைத் துடைத்தால் 44 என்று அச்சு. அதோடு பின்னால் இருப்பது கேசட்டும் இல்லை. ஹப்பில், அதாவது பின் சக்கரத்தின் நடு உருளையில், மரையில் திருகி மாட்டுவது ஃப்ரீவீல். வரிப்பள்ளத்தில் செருகி, மேலே மூடி வைத்து முடுக்குவது கேசட். திருகு ஹப்பை மாற்றாமலே கேசட் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து டயரின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். என் டயர் சுமார் 2.2 மீட்டர். பழைய 28க்கு 28இல் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். நான் கேட்ட 32க்கு 34இல் 2.07. அவர்கள் மாட்டிய 44க்கு 28இல் கிட்டத்தட்ட 3.5 மீட்டர்! நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த வேகத்தில் சிறுமலை ஏற என் காலுக்குத் தெம்பு கிடையாது. சுற்றைக் குறைத்தால் மொத்த பாரமும் முட்டியில் இறங்கும். ஆக, 4,800 ரூபாய் கொடுத்து, என்னிடம் ஏற்கெனவே இருந்த லேசான கியரைப் பறிகொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போனேன். "34தான் சார் அது" என்றார். எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்ததும் பேச்சு மாறியது. "34 போட்டா உங்க டீரெய்லர் தாங்காது சார், அதான்."

அது நிஜம். டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி; என் பழையது 28 பல் வரைதான் எட்டும். அதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டாமா? சரி, என் பழைய மூன்று பல்சக்கர கிராங்க்கையாவது (பெடல் மாட்டும் கையும் முன் பல்சக்கரமும் சேர்ந்தது) கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். அது ரிவெட் அடித்த வகை, ஒரு சக்கரத்தை மட்டும் கழற்ற முடியாது என்பதால் புது கிராங்க் வேண்டும் என்பது நியாயம். பழையதைக் கேட்காமல் விற்றது எந்த ஊர் நியாயம்? ரொம்ப நேரம் வாதாடியதில் 500 ரூபாய் திரும்ப வந்தது.

நீங்கள் மாற்றக் கொடுத்தால் பில்லில் முன் பல், பின் சின்னது, பின் பெரியது மூன்றையும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். கேசட்டா, ஃப்ரீவீலா, டீரெய்லர் எத்தனை பல் வரை தாங்கும், இதையும் கேளுங்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். 'முன்னால சின்னதா போட்டா வேகமே வராது' என்று சொல்வார்கள். 32க்கு 14இல் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 24 கிலோமீட்டர் வரும். மதுரைக்குள் அதற்கு மேல் எங்கே ஓட்டப்போகிறோம்?

அப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் 32 கிராங்க், 34 ஃப்ரீவீல், புது டீரெய்லர் போட்டு, செயினையும் அளவுக்கு வெட்டித் தந்தார்கள். மேலும் 2,900 ரூபாய். கழற்றிய சாமான் எல்லாம் ஒரு சாக்குப்பையில் கட்டி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது, நான் கேட்கும் முன்பே.

போன ஞாயிற்றுக்கிழமை 18 வளைவும் ஏறினேன். ஏழாவது வளைவில் வாழைத்தார் லாரிக்கு வழிவிட ஒரு தடவை கால் ஊன்றினேன், அவ்வளவுதான்.