பெங்களூரில் ஒரு டெபாச்சிகா

எம்.ஜி. ரோட்டுக்கு அருகில், ஒரு மாலின் அடித்தளத்தில் அண்மையில் திறக்கப்பட்ட உணவு அங்காடி தன்னை ‘டெபாச்சிகா’ என்று விளம்பரப்படுத்திக்கொள்கிறது. ஜப்பானில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் நிலத்தடித் தளத்து உணவு அங்காடிகளைப் பேச்சுவழக்கில் இப்படித்தான் சொல்வார்கள். 1936-இல் நகோயாவின் மட்சுசகாயா கடையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கம், 2000-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ‘டோக்யூ ஃபுட் ஷோ’ என்ற உணவு அங்காடி திறக்கப்பட்ட பிறகு பெரும் மோகமாகவே மாறியது.

டெபாச்சிகா முதன்மையாக உட்கார்ந்து சாப்பிடும் இடமன்று. டோக்கியோவில் ஷின்ஜுகுவின் இசெடான், நிஹோம்பாஷியின் மிட்சுகோஷி போன்ற கடைகளில், ரயில் நிலையத்து நிலத்தடி வழியிலிருந்து நேராக இத்தளத்துக்குள் நுழைந்துவிடலாம் என்பதால், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் பொரித்த மீன், வேகவைத்த காய்கறி, ஊறுகாய் என்று இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். கெட்டுப்போகக்கூடிய பொருளென்றால், வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு, அதற்கேற்பக் குளிர்பொதி (ஐஸ் பேக்) வைத்துக் கட்டித் தருவதும் அங்கே வழக்கம்.

நம் ஊர் அங்காடியில் இந்த அக்கறையை முழுமையாகக் கண்டது பொரியல் கவுன்ட்டரில்தான். நான் பலாக்கொட்டைப் பொரியலும் வெள்ளரிப் பச்சடியும் கேட்டதும், “வீடு எங்கக்கா? போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?” என்று விற்பனைப் பெண் தமிழிலேயே கேட்டார். ஒயிட்ஃபீல்டு என்றதும், மாலை நேரத்துப் போக்குவரத்தை அறிந்தவராகப் பச்சடியைத் தனி டப்பாவில் அடைத்து, இருபுறமும் குளிர்பொதி வைத்து, சூடான பொரியலை வேறு பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் திறந்தபோது பச்சடி புளிக்கவில்லை. பலாக்கொட்டை குழையாமல், தேங்காயும் மிளகும் தூக்கலாக, மிக அருமையாக இருந்தது. கால் கிலோ 120 ரூபாய் என்பது நியாயமான விலை. பக்கத்துக் கவுன்ட்டரின் ஒப்பட்டும் (கன்னட நாட்டுப் போளி) நெய் மணத்தோடு நன்றாகவே இருக்கிறது.

சுஷியை வாங்க வேண்டாம். வினிகர் சேர்த்த சோற்றைக் குளிர்பெட்டியில் நெடுநேரம் வைத்தால் விறைத்துப்போகும். இங்கே எனக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதுதான். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தளத்தில் ஏறக்குறைய பாதியை மேசை நாற்காலிகளுக்கு ஒதுக்கிவிட்டு, வாங்கிச் செல்லும் கவுன்ட்டர்களை ஓரத்தில் நெருக்கி வைத்திருப்பது. மெட்ரோ நிலையம் இவ்வளவு அருகில் இருக்கும்போது, அலுவலகம் விட்டு வருகிறவர்கள் நின்று வாங்க இடமில்லாமல் இடித்துக்கொள்வது பெரிய குறை.

ஜப்பானியக் கடைகளில் மூடும் நேரம் நெருங்கியதும், சமைத்த உணவுகளின் மீது பாதி விலைச் சீட்டுகூட ஒட்டுவார்கள். இங்கு அந்த வழக்கம் இல்லை. இரவு 9 மணிக்கும் பகல் விலைதான். ஆகவே தாமதித்துப் போவதில் பயனில்லை. பலாக்கொட்டைப் பொரியல் வேண்டுமென்றால் 7 மணிக்குள் போய்விடுவது நல்லது.