ஈறுக்கு ‘டீப் க்ளீனிங் பேக்கேஜ்’: 34,500 ரூபாய் போச்சு, உஷார்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல் கிளினிக். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் தம்பி. அப்பார்ட்மென்ட்டுக்கே வந்து இலவச முகாம் போடுகிற ரகம், அவ்வளவு சொன்னால் போதும்.

பல் தேய்த்தால் ரத்தம், வாய் நாற்றம், கீழ் முன்பல் லேசான ஆட்டம். வாய்க்குள் குட்டி கேமராவை விட்டு எதிரே டிவியில் என் ஈறைக் காட்டினார்கள். “இப்படியே விட்டா நாலு பல்லு போயிடும் சார். எங்க அப்பாவா இருந்தா இன்னைக்கே ஆரம்பிச்சிடுவேன்” என்றார் அந்த டாக்டரம்மா. அப்பா என்ற வார்த்தையைக் கேட்டதும் கார்டை எடுத்துவிட்டேன். டீப் க்ளீனிங், லேசர், ஈறுக்குள் ஆன்டிபயாடிக் ஜெல், மாத்திரை எல்லாம் சேர்த்து 34,500 ரூபாய். மொத்தமும் முன்பணம்.

முதலில் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்பு ருசி, சோறு இறங்கவில்லை. மாத்திரை முடிந்த பிறகுதான் க்ளீனிங். மரத்துப்போக ஊசி கிடையாது, அரை மணியில் எழுப்பி விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ரத்தம் நின்றிருந்தது உண்மை. “பாருங்க சார், சரியாயிடுச்சு!”

கொஞ்ச நாளில் மறுபடி ரத்தம். போன் செய்தால் டாக்டர் லீவு. நேரில் போனால் அவர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். மேனேஜர் தம்பி, “நீங்க சரியா பிரஷ் பண்ணல சார்” என்றான். அப்புறம், “உங்களுக்கு சுகர் இருக்கா?” இதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டாமா? பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “ரீஃபண்ட் இல்ல, வேணும்னா மேடத்துக்குப் பல் வெளுப்பாக்கித் தர்றோம்.” 34,500 ரூபாய்க்கு இதுதான் பதில்.

கடைசியில் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே ஒரு பிஜி மாணவி, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். 3 மி.மீ. வரை சாதாரணமாம், எனக்குப் பல இடங்களில் 6, 7. கிளினிக்கில் அந்தக் கம்பியை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் ஈறுக்கடியில் காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிப்போன அழுக்கு, அப்படியே இருக்கிறது.

அவர் விளக்கியது இது. கிருமிகள் பல் வேரில் படலமாக ஒட்டி வாழ்கின்றன, மாத்திரை அதற்குள் சரியாகப் புகாது. ஊசி போட்டு, வேர் வரை சுரண்டிப் படலத்தைக் கலைப்பதுதான் சிகிச்சை. மாத்திரை அதோடு சேர்ந்து வரும் துணை மட்டும், அதுவும் எல்லாருக்கும் இல்லை. சின்ன வயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான். மாத்திரையால் வீக்கமும் ரத்தமும் தற்காலிகமாக அடங்கும், காரை எங்கேயும் போகாது. ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், வழக்கமாக எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டாம் என்றே இருக்கிறதாம். லேசரையும் அவர்கள் பரிந்துரைக்கவில்லை. எனக்கு விற்றதோ அந்த இரண்டையும்தான்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் கை ஓடவில்லை. ஆழம் அளக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் பேக்கேஜ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சுரண்டுவதற்கு முன்னால் மாத்திரை கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது குடி கூடாது, அதைக்கூட எனக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று என் பில்லை எடுத்துப் பார்த்தால், ‘பல் சிகிச்சை, 34,500’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.