கலைஞர் கைபட்ட பழைய வால்வு ஆம்ப்: புதுப்பிப்பதா, மீட்பதா, அப்படியே விடுவதா?

ஒரு ராக் கிட்டார் கலைஞர் மேடைமேடையாக அடித்துத் தீர்த்த 100 வாட் மார்ஷல் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று பழுதுபார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் 1959, முகப்பில் பிளெக்ஸிகிளாஸ் தகடு, நான்கு இஎல்34 வால்வு, அதாவது சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். (1959 என்பது மாடல் எண்தான், வருஷம் இல்லை. மார்ஷல் கம்பெனியின் முதல் ஆம்ப்பே 1962-இல்தான் வந்தது.) பிளெக்ஸி முகப்பு 1969-இல் நின்றுபோய் அலுமினியத் தகடு வந்தது. ஆக, இந்தப் பெட்டிக்கு வயது 50-ஐத் தாண்டியாகிவிட்டது.

இதைச் சரிசெய்ய வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு சால்டரும் புனிதம், தொட்டால் தீட்டு. இன்னொரு கட்சி பழைய பாகம் எதையும் நம்பாது, போர்டைக் காலிசெய்து புதிதாகக் கட்டிவிடும். முதல் கட்சியிடம் போன ஆம்ப் என்றைக்காவது ஒருநாள் தன் டிரான்ஸ்ஃபார்மரை எரித்துக்கொள்ளும். இரண்டாவது கட்சியிடம் போனது நன்றாகவே பாடும், ஆனால் அது வேறு ஆம்ப். பெட்டி முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதுதான் இருவரும் செய்யும் தப்பு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வழக்கு நடத்தவேண்டும். சாட்சி சொல்ல மீட்டர் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: உள்ளே தேங்கிய மின்சாரத்தை இறக்குவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் உறை போட்ட கிளிப் மாட்டி, முதலில் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) ஒன்று, பிறகு கெபாசிட்டரின் பாசிட்டிவில் ஒன்று. 50 மைக்ரோஃபாரட் என்றால் ஐந்து விநாடிக்குள் காலியாகிவிடும். இருந்தாலும் ஒரு நிமிஷம் விட்டு, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகே கை உள்ளே போகவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரமில்லை, கெபாசிட்டரின் கால் உருகுவதுதான் மிச்சம். அடுத்து, எல்லாக் கோணத்திலும் போட்டோ.

ஃபில்டர் கெபாசிட்டர்: மூன்று வழி

அதிகச் சண்டை நடக்கும் இடம் இது. பழையதை உயிர்ப்பிக்கலாம், பழைய டப்பாவுக்குள் புதுக் குடலை வைக்கலாம், மொத்தமாக மாற்றலாம்.

உயிர்ப்பிப்பது, அதாவது ரீஃபார்ம். பல வருஷம் மின்சாரமே பார்க்காத எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரில் அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் ஆக்ஸைடு படலம் மெலிந்துபோகும். வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்றினால் படலம் திரும்ப வளரும். ஒரு காலைக் கழற்றி, வெளியிலிருந்து டிசி சப்ளையை 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, 50 வோல்ட் 50 வோல்ட்டாக ஏற்றுவது முறை. ரெசிஸ்டரின் குறுக்கே 100 வோல்ட் தெரிந்தால் 1 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று பொருள். வேலை செய்யும் வோல்ட்டில் அது அரை மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் தேறிவிட்டது. சில மணி நேரம் ஆகியும் 2 மில்லி ஆம்பியரிலேயே நின்றால் குப்பைதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தொடரில் கட்டிய இரண்டு கெபாசிட்டர்களின் குறுக்கே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கும். அவற்றைக் கழற்ற மறந்தால், 400 வோல்ட் கொடுத்தாலும் கெபாசிட்டரில் 144-க்கு மேல் ஏறாது. நல்ல கெபாசிட்டரைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவோம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: கை மீட்டர் ஓரிரு வோல்ட்டில்தான் கெபாசிட்டரை அளக்கிறது. அங்கே 50 மைக்ரோஃபாரட் என்று அழகாகக் காட்டிவிட்டு, 450 வோல்ட்டில் சல்லடையாகக் கசியும்.

ரீஃபார்ம் செய்வதால் படலம்தான் வளரும், உலர்ந்துபோன எலக்ட்ரோலைட் திரும்பாது. மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. முழுச் சத்தத்தில் அடித்தால்தான் குட்டு வெளிப்படும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சப்ளையின் அலைவு 100 ஹெர்ட்ஸ், அது சுரத்தோடு கலந்து, 440 ஹெர்ட்ஸ் சுரம் வாசித்தால் 340-இலும் 540-இலும் பேய்ச்சுரங்கள் கேட்கும். அப்படிக் கேட்கும் ஆம்ப்புக்கு ரீஃபார்ம் மருந்தே கிடையாது.

டப்பாவுக்குள் புதுக் குடல். அடியிலிருக்கும் மடிப்பை வெட்டி, சூடுகாட்டி, பழைய சுருளை உருவி எடுத்து, உள்ளே இன்றைய கெபாசிட்டர்களை வைத்து மூடுவது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய லேபிள் பழைய இடத்தில் அப்படியே இருக்கும். கணக்குதான் கொஞ்சம் இடிக்கும். 35 மில்லிமீட்டர் டப்பாவுக்கு உள்விட்டம் சுமார் 33. பக்கத்தில் பக்கமாக 16 மில்லிமீட்டர் கெபாசிட்டர் இரண்டு நுழையும், 18 மில்லிமீட்டர் நுழையாது. 16 மில்லிமீட்டரில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கிடைக்கிறது. தொடரில் கட்டிய ஜோடிக்கு அது தாராளம், ஏனென்றால் ஒவ்வொன்றின் மேலும் பாதி வோல்ட், சுமார் 240-தான் விழும். ஆனால் முழு வோல்ட்டும் நேராக விழுகிற இடங்களுக்கு 450 போதாது. ஸ்டாண்ட்பையில் பளு இல்லாதபோது வோல்ட் 500-ஐ நெருங்கும். அங்கே 500 வோல்ட் கெபாசிட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். டப்பாவின் உயரம் இடம் கொடுக்காவிட்டால் இந்த வழியை மறந்துவிடலாம்.

மொத்தமாக மாற்றுவது. எஃப்&டி, ஜேஜே போன்ற கம்பெனிகளின் 50+50 மைக்ரோஃபாரட் 500 வோல்ட் டப்பா பழைய பட்டிக்குள்ளேயே உட்காரும். ஒரு மதிய வேலை. கவனம் வேண்டியது ஒரே இடத்தில்: தொடர் ஜோடியில் மேல்பக்கத்து கெபாசிட்டரின் நெகட்டிவ் சேசிஸோடு சேராது. அந்த டப்பாவின் உலோக உடம்பிலேயே 240 வோல்ட் நிற்கலாம். உறை கிழிந்திருந்தாலோ, உறையில்லாமல் பட்டியில் இறுக்கினாலோ, முதல் தடவை ஆன் செய்யும்போதே ஃப்யூஸ் போகும். அதுவும் போகாவிட்டால் ஆள் போவார்.

எங்கள் தீர்ப்பு: மேடைக்குத் திரும்பும் ஆம்ப்புக்குப் புதிய டப்பா. கண்ணாடிப் பெட்டியில் இருந்து எப்போதாவது பாடும் ஆம்ப்புக்குப் புதுக் குடல். ரீஃபார்ம் என்பது ஆம்ப்பைப் பரிசோதிக்க மட்டும், அதாவது மற்ற பாகங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கிற ஒரு மணி நேரத்துக்கு.

இன்னொன்று. பயாஸ் (வால்வின் மின்னோட்டத்தை அடக்கிவைக்கும் நெகட்டிவ் வோல்ட்) சப்ளையின் சின்ன எலக்ட்ரோலிடிக்குகளுக்கு இந்த விவாதமே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். அவை உலர்ந்தால் பயாஸ் வோல்ட் சரிந்து நான்கு வால்வின் பிளேட்டும் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சிவந்து எரியும். மாற்றும்போது அவற்றின் பாசிட்டிவ் கால்தான் சேசிஸுக்குப் போகவேண்டும். பழக்கதோஷத்தில் நெகட்டிவைச் சேசிஸில் வைத்துப் பற்றவைப்பது அனுபவசாலிகளும் செய்யும் தப்பு.

கப்ளிங் கெபாசிட்டர்: மஞ்சளை விட்டுவையுங்கள்

கப்ளிங் கெபாசிட்டர் சிக்னலை அடுத்த நிலைக்கு விட்டு டிசியைத் தடுப்பது. முல்லார்டு கம்பெனியின் கடுகு மஞ்சள் நிற 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் மேல் ஒரு பக்தி உண்டு. பக்தி இருக்கட்டும். அவை உண்மையிலேயே அரிதாகத்தான் கெடுகின்றன, வயதைக் காரணம் காட்டி மாற்றத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) பக்கத்துக் காலை மட்டும் தூக்கி, ஆம்ப்பை ஆன் செய்து, அந்தக் காலுக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி பாருங்கள். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்றால் அரை வோல்ட் காட்டுவது 0.05 மைக்ரோ ஆம்பியர் கசிவு. 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர் உள்ள பவர் வால்வுக்கு அது 11 மில்லி வோல்ட், தூசு. 1 மெகாஓம் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் இடத்தில் அதுவே 50 மில்லி வோல்ட். கன்ட்ரோலைத் திருப்பும்போது கரகரக்கிறதே, அதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழவேண்டும். கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்துச் சலித்தவர்களுக்குத் தெரியும்.

கார்பன் ரெசிஸ்டர்களும் அப்படியே. மதிப்பு 20 சதவீதத்துக்குள் இருந்து, சிக்னல் இல்லாதபோது பொரிகிற சத்தம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: மறுசுற்றா, நகலா

ஒரு ஆம்ப்பின் குரலில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. அதனால் இது செத்துவிட்டது என்று முடிவுகட்டுமுன் இரண்டு தடவை யோசிக்கவேண்டும். வால்வுகளைக் கழற்றி, 16 ஓம் முனையில் 1 வோல்ட் ஏசி கொடுங்கள். நான்கு இஎல்34-க்கான 1.7 கிலோ ஓம் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் பிளேட்டுக்குப் பிளேட் சுமார் 10.3 வோல்ட் வரவேண்டும், நடுமுனையிலிருந்து இருபக்கமும் 5.15. இரு பாதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால் பிழைத்தது. டிசி ஓம் அளவு இரு பாதியிலும் 10 சதவீதம் வித்தியாசப்பட்டால் பயப்படவேண்டாம். வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம், அவ்வளவுதான்.

உண்மையிலேயே சுற்று எரிந்திருந்தால் இரண்டு வழி. மறுசுற்றில் அதே இரும்புத் தகடுகள், அதே மூடி, டிரான்ஸ்ஃபார்மரைச் செய்த ட்ரேக் அல்லது டாக்னால் கம்பெனியின் அதே முத்திரை தங்கும். ஆனால் சுற்றுபவர் பழைய சுருளை அடுக்கடுக்காகப் பிரித்து, சுற்று எண்ணிக்கை, கம்பியின் கனம், பிரைமரியும் செகண்டரியும் மாறிமாறி வரும் வரிசை மூன்றையும் எழுதி வைக்கிறவராக இருக்கவேண்டும். ‘100 வாட்டுக்கு ஒன்று சுற்றித் தருகிறேன்’ என்பவரிடம் கொடுத்தால் முத்திரை மட்டும்தான் பழையது. நகல் வாங்கிப் போடுவது சீக்கிரம் முடியும், திரும்பக் கழற்றவும் முடியும். நம்பிக்கையான சுற்றுக்காரர் கிடைக்கும்வரை நகலைப் போட்டு எரிந்ததைப் பத்திரமாக வைப்பதே நல்லது. எரிந்த சுருளும் ஒரு வரைபடம்தான். உருவி எறிந்துவிட்டால் எண்ணிக்கை போச்சு.

எதனால் எரிந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் எரியும். ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்பத் திருப்பும் பின்பக்கத்து இம்பீடன்ஸ் தேர்வியின் தொடுமுனைகள் கறுத்துத் தளர்ந்திருந்தால், வாசிக்கும்போது ஸ்பீக்கர் இணைப்பு விட்டுவிட்டு அறும். பளு போனதும் பிரைமரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். வால்வு சாக்கெட்டில் 3-ஆம் பின் பிளேட்; அதிலிருந்து பக்கத்துப் பின்னுக்குக் கறுப்புக் கோடு தெரிந்தால் மின்னல் அங்கே ஓடியிருக்கிறது. கரிந்த சாக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து பயனில்லை, கரி மின்சாரத்தைக் கடத்தும். சாக்கெட்டை மாற்றவேண்டும், தேர்வியின் முனைகளை இறுக்கவேண்டும்.

வால்வு: பழைய ஸ்டாக்கா, இன்றைய தயாரிப்பா

இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த முல்லார்டு இஎல்34 நன்றாக இருக்கும் என்பதில் சண்டையில்லை. ஆனால் ‘பழைய ஸ்டாக்’ என்று விற்பதில் அழித்து எழுதிய பெயர்களும் உண்டு. முழுச் சத்தத்தில் அடிக்கும் 100 வாட் ஆம்ப் வால்வைத் தின்றுகொண்டே இருக்கும். வாசிக்க இன்றைய வால்வு, கூடவே வந்த அசல் வால்வுகள் பெட்டியில். இன்றைய இஎல்34-கள் ஸ்கிரீன் கிரிட்டில் (பிளேட்டுக்கு முன்னால் உள்ள கம்பி வலை) கொஞ்சம் பலவீனம். அதனால் ஸ்கிரீன் ரெசிஸ்டர் இல்லாத பழைய ஆம்ப்பில் ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம், 5 வாட் சேர்ப்பது நாங்கள் அனுமதிக்கும் மாற்றம்.

வால்வு மாற்றினால் பயாஸ் பார்த்தே ஆகவேண்டும். இஎல்34-இன் பிளேட் எல்லை 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5. பிளேட் வோல்ட் 470 என்றால் ஒரு வால்வுக்கு 37 மில்லி ஆம்பியர். அதுதான் உச்சம், 32-இல் நிறுத்தினாலும் குரல் கெடாது. கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் மில்லி வோல்ட்டே மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் மின்னோட்டமும் அதில் கலந்திருக்கும், பாதுகாப்பான பக்கத்துப் பிழை. டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் குறுக்கே ஆம்பியர் மீட்டர் வைத்து அளக்கும் முறைக்கு எந்தப் பாகமும் சேர்க்கவேண்டாம் என்பது உண்மை. ஆனால் புரோப் வழுக்கினால் 470 வோல்ட் சேசிஸில். அசலைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைக்கவேண்டாம், 1 ஓம் போடுங்கள்.

வோல்ட்டைக் குறைக்க: டேப்பா, வேரியாக்கா

சுவரில் வரும் வோல்ட் ஆம்ப்பின் பழைய டேப்பைவிட (டிரான்ஸ்ஃபார்மரில் மின்வோல்ட்டுக்கு ஏற்ற இணைப்பு முனை) அதிகமாக இருந்தால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரிலும் அதிகம் வரும். 6.3 இருக்கவேண்டிய இடத்தில் 6.9 தாண்டினால் தப்பு. முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் அடுத்த டேப்புக்கு மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன் மார்ஷலை வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வோல்ட் இறக்கி வாசித்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு பலரும் அமெரிக்க மின்சாரத்தின் 120 வோல்ட்டை 90-க்கு இறக்குகிறார்கள். அப்போது ஹீட்டரும் 4.7-க்கு விழுகிறது. பயாஸும் சேர்ந்து விழுவதால் அந்த வோல்ட்டில் பயாஸைத் திரும்ப வைக்கவேண்டும், பிறகு யாராவது மறந்துபோய் 120-இல் ஆன் செய்துவிடக் கூடாது. நான்கைந்து வோல்ட் திருத்தத்துக்கு வேரியாக் அருமை. அதற்கு மேல் அது வால்வின் ஆயுளை வாங்கும்.

கலைஞர் செய்த மாற்றங்கள்

கூடுதல் மாஸ்டர் வால்யூம், முகப்பில் ஒரு துளை, உள்ளே யாரோ சேர்த்த ஒரு கெயின் நிலை (சிக்னலைக் கூடுதலாகப் பெருக்கும் பகுதி): சாதாரண ஆம்ப்பில் இவற்றைக் கழற்றி அசலுக்குத் திருப்பலாம். இந்த ஆம்ப்பில் கூடாது, அந்த மாற்றம்தான் ரெக்கார்டில் கேட்கிற குரலாக இருக்கலாம். சால்டரையும் தேதியையும் பாருங்கள். கெபாசிட்டரின் தேதிக் குறி கலைஞர் ஆம்ப்பைக் கைவிட்ட வருஷத்துக்குப் பிந்தியது என்றால் பின்னால் வந்த யாரோ செய்தது, கழற்றலாம். முந்தியது என்றால் கை வைக்கவேண்டாம். அது ஆபத்தான வேலையாக இருந்தால் மட்டும், உதாரணமாக எர்த் இணைப்பை வெட்டியிருந்தால், சரிசெய்யவேண்டும். மேடையில் ஹம் வருகிறது என்று எர்த்தைத் துண்டித்த ஆம்ப்கள் நிறைய. மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும் ரகம் அவை.

வேலை முடிந்ததும் முதல் ஆன் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து, வால்வு இல்லாமல். பல்பு ஒரு கணம் மின்னி மங்கவேண்டும். மங்காமல் எரிந்தால் ஷார்ட். பிறகு வால்வு மாட்டி, ஸ்பீக்கருக்குப் பதில் 200 வாட் தாங்கும் ரெசிஸ்டரில் அரைமணி நேரம். 100 வாட் என்று எழுதியிருந்தாலும் முழுக்கத் திருகினால் 150-ஐத் தாண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகமும் எங்கே இருந்தது என்று எழுதிய சீட்டோடு தனித்தனி உறையில், அந்த உறைகள் ஒரு துணிப்பையில், பை ஆம்ப்புக்கு வெளியே. கேபினட்டுக்குள் வைத்தால் வால்வின் சூட்டில் உறை உருகி ஒட்டிக்கொள்ளும்.