ஃபத்மா சயீதின்ர 'எல் நூர்' அல்பம்: எங்கட காதுக்கு எப்பிடி?

ஒபெரா எண்ட மேற்கத்தைய இசை நாடகம் பாடுறவ அரபுப் பாட்டும் பாடியிருக்கிறா எண்டா எனக்கு முதல் வாற சந்தேகம், ஃபியூஷன் எண்டு சொல்லி ரெண்டையும் கெடுத்து வச்சிருப்பினம் எண்டதுதான், இஞ்ச கலியாண மண்டபங்களில வயலினும் கீபோர்ட்டும் சேர்ந்து தியாகராஜருக்குச் செய்யிற வேலையைக் கேட்டுக் கேட்டு வந்த பயம். இந்த அல்பத்தில அந்தக் கூத்து இல்லை.

ஆள் கெய்ரோவில 1991இல பிறந்தவ, பெர்லினில படிச்சு, பிறகு மிலானில லா ஸ்காலா எண்ட பேர்போன ஒபெரா அரங்கின்ர அகடமி, 2016இல அதே லா ஸ்காலா மேடையில மொஸார்ட்டின்ர 'மாயப் புல்லாங்குழல்' ஒபெராவில பமினா பாத்திரம். அல்பம் 2020இல வோர்னர் கிளாசிக்ஸ் விட்டது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு மூண்டு மொழியும் இருக்கு.

இதில பெரிய விஷயம் அவ குரலை மாத்துறதுதான். ஒபெராக்காரர் மைக் இல்லாமல் ஒரு முழு ஓர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேக்க வேணும், அதுக்காக 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில குரல் கூர்மையா ஒலிக்கிற மாதிரி வருஷக்கணக்காப் பழகுவினம், அந்தக் குரலோட போய் அரபுப் பாட்டைப் பாடினா சொல்லே விளங்காது, பாட்டு விறைச்சுப் போயிடும். இவ கடைசியில வாற அரபுப் பாட்டுகளில அந்தக் கூர்மையை நல்லாக் குறைச்சு, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிப் பாடுறா. லெபனான் கவிஞர் கலீல் ஜிப்ரான்ர கவிதை, லெபனான் பாடகி ஃபைரூஸ் பாடிப் பேர் போன 'அஅதினி அன்னாய'வைக் கேட்டிட்டு உடன முதல் பாட்டுக்குப் போங்கோ, ஒரே ஆளோ எண்டு யோசிப்பீங்கள்.

அந்த முதல் பாட்டு 'ஆசியா', பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1903இல போட்ட 'ஷெஹரஸாட்' எண்ட மூண்டு பாட்டுத் தொகுப்பில முதலாவது. "ஆசியா, ஆசியா, ஆசியா" எண்டு தொடங்கி பாரசீகம் பாக்க வேணும், இந்தியா பாக்க வேணும், சீனா பாக்க வேணும் எண்டு ஒரு பிரெஞ்சுக்காரரின்ர ஏக்கம், ஆசியாவில இருந்து கேக்கிற எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும். ஆனா ஐரோப்பியர் கனவு கண்ட கிழக்கை ஒரு எகிப்துப் பிள்ளை திருப்பிப் பாடுறதில ஒரு குறும்பு இருக்கு, எனக்குப் பிடிச்சது அதுதான். ரெண்டாவது பாட்டில புல்லாங்குழலுக்குப் பதிலா நேய் எண்ட நாணல் குழலை வச்சிருக்கினம். நல்லூர்த் திருவிழாவில நாதஸ்வரம் கேட்டு வளந்த ஆக்களுக்கு அது முதல்ல காத்துத்தான் போகுது எண்டு தோணும், பொறுத்துக் கேளுங்கோ.

குறை எண்டா பியானோ. எங்கட ராகம் மாதிரி அரபு இசையில இருக்கிற மகாம்களில, ரஸ்த் எண்டு ஒண்டை எடுத்தா, எங்கட 'க' ஸ்வரத்தின்ர ரெண்டு வகையான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில ஒரு காந்தாரம் நிக்கும். கானூன் எண்ட அரபுத் தந்தி வாத்தியத்தில தந்திக்குப் பக்கத்தில சின்னச் சின்ன நெம்புகள் இருக்கிறதால அதை வாசிக்கலாம், பியானோக் கட்டையில எங்க போறது? அதால கானூனும் நேயும் வாற இடங்களில பாட்டு உயிரோட நிக்குது, பியானோ மேல வந்தா ஹோட்டல் லொபி ஜாஸ் பக்கம் சாயுது. கமகத்தை எதிர்பாத்து இருக்காதேங்கோ, அரபுக்காரர் ஸ்வரத்தை அசைக்கிற விதம் வேற.

மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலையில வாய்ப்பாட்டுப் படிக்கிற பெடியள் கட்டாயம் கேக்க வேணும், மற்ற ஆக்கள் கடைசி மூண்டு பாட்டில இருந்து பின்பக்கமா வாங்கோ, 'ஆசியா' நீளம் கூட, தொடக்கத்திலயே ஓடிடுவீங்கள். ஃபோன் ஸ்பீக்கரில போடாதேங்கோ, மெல்லிய இடங்கள் ஒண்டும் கேக்காது, ஹெட்ஃபோன் வேணும். அஞ்சுக்கு நாலு குடுக்கிறன், அந்த ஒண்டு பியானோவுக்காக வெட்டினது.