மினி லேத்தில் பார்ட்டிங்: பிளேடா, இன்செர்ட்டா, தலைகீழ் டூலா, ஹேக்சாவா?

வீட்டு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் 7 இன்ச் மினி லேத்தில் டர்னிங் வரும், ஃபேசிங் வரும், போரிங்கூட ஒழுங்காக வரும். 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடில் பார்ட்டிங் டூலை, அதாவது சுற்றும் ராடைக் குறுக்கே அறுத்துத் துண்டாக்கும் டூலை, விடும்போதுதான் மிஷினின் குணம் தெரியும். முதல் 3 மி.மீ. அமைதியாகப் போகும். அப்புறம் ஒரு கிறீச்சல். பயந்து ஃபீடை (டூலை உள்ளே நகர்த்தும் வேகத்தை)க் குறைத்தால் கிறீச்சல் கூடும். 6 மி.மீ. ஆழத்தில் டூல் தானாக உள்ளே கடித்து இழுக்கும். அப்போது மோட்டார் நின்றால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பிளேடு ஒடியும், அல்லது ஹெட்ஸ்டாக்குக்குள் (ராடைச் சுற்றவைக்கும் தலைப்பகுதிக்குள்) இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பல் போகும்.

இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள்: நல்ல ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடு வாங்கு, கார்பைடு இன்செர்ட்டுக்கு (ஹோல்டரில் மாட்டிக் கழற்றும் கடின முனைக்கு) மாறு, டூலைத் தலைகீழாகக் கட்டு, வம்பே வேண்டாம் ஹேக்சாவில் அறு. நாலுக்கும் அதனதன் இடம் உண்டு. ஆனால் எது சரி என்பதை டூல் முனையை வைத்து முடிவு செய்தால் காசுதான் போகும். முனைக்கும் பெட்டுக்கும் (மிஷினின் அடித்தளத்துக்கும்) நடுவே எத்தனை இணைப்பு இருக்கிறது, உங்கள் கை எவ்வளவு வேகமாக ஃபீட் கொடுக்கும், இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடி எங்கிருந்து வருகிறது

2 மி.மீ. அகல டூல், ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. ஃபீட் என்று வையுங்கள். எம்.எஸ்.ஸில் அந்த முனையைக் கீழே அமுக்கும் விசை ஏறக்குறைய 250 நியூட்டன், அதாவது 25 கிலோ அரிசி மூட்டையை முனையில் தொங்கவிட்ட மாதிரி. இந்தப் பாரம் பிளேடு, ஹோல்டர், டூல் போஸ்ட், காம்பவுண்ட் ஸ்லைடு (டூலைக் கோணத்தில் நகர்த்தும் மேல் ஸ்லைடு), அதன் சுழல்தட்டு, கிராஸ் ஸ்லைடு (டூலை ராடுக்குக் குறுக்கே நகர்த்துவது), சேடில் (இவற்றைச் சுமந்து பெட் மேல் நகர்வது) என்று ஒவ்வொன்றாக இறங்கித்தான் பெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் லூஸ், கொஞ்சம் வளைவு. இதில் மிக மோசமானது காம்பவுண்ட். அதன் டவ்டெயில் (ஸ்லைடு ஓடும் சாய்வுப் பள்ளம்) குறுகல், ஜிப் (லூஸை எடுக்கும் தகடு) மெல்லிசு, போதாததற்கு ஜாபை (வெட்டப்படும் ராடை) நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும்.

முனை கீழே அமுங்கும்போது நேர் கீழாக இறங்குவதில்லை. அது திரும்பும் புள்ளி முனைக்குப் பின்னாலும் கீழேயும் இருப்பதால், இறங்கிக்கொண்டே ஜாபுக்குள் முன்னேறும். முன்னேறினால் வெட்டி வரும் உலோகச் சுருள் தடிக்கும், தடித்தால் விசை கூடும், கூடினால் இன்னும் முன்னேறும். கிராஸ் ஸ்லைடு ஸ்குரூவில் இருக்கும் பேக்லாஷ் (மரையின் லூஸ்) இதற்கு வழி விட்டுக் கொடுக்கும். அதே நேரம் ஜாபை அந்த விசை மேலே தூக்குகிறது. ஸ்பிண்டில் (ராடைச் சுற்றவைக்கும் தண்டு) பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஜாபே டூல் மேல் ஏறி உட்காரும்.

எனவே எந்த டூல் வாங்குவதற்கும் முன்னால் காம்பவுண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கெட்டிக் கட்டையைப் போல்ட் போடுங்கள். எம்.எஸ்., வார்ப்பிரும்பு, அலுமினியம் எதுவானாலும் சரி. கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து டூல் போஸ்ட் உட்காரும் முகம் வரை அளந்து அதே உயரத்துக்கு வையுங்கள். மேலும் கீழும் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். டேப்பர் டர்னிங்குக்குக் காம்பவுண்ட் வேண்டும்தான், அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு கட்டை செய்கிற வேலையை எந்த இம்போர்ட்டட் இன்செர்ட்டும் செய்யாது.

ஹெச்.எஸ்.எஸ். பிளேடு

மினி லேத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. அகலம் போதும். பக்கவாட்டு கிளியரன்ஸ் (உரசாமல் இருக்க விடும் இடைவெளி) பிளேடின் வடிவத்திலேயே இருக்கும். நீங்கள் தீட்ட வேண்டியது முன்முகம் மட்டும், 6 முதல் 8 டிகிரி. எம்.எஸ்.ஸுக்கு மேல்முகத்தில் கிரைண்டிங் வீலின் ஓரத்தால் ஒரு மெல்லிய குழிவு போட்டால் சுருள் நடுவில் மடங்கி, வெட்டின் அகலத்தைவிடக் குறுகி வெளியே வரும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தட்டையாக வரும் சுருள் பள்ளத்தின் அகலத்துக்கு அச்சாகச் சமம், அது வெளியேற இடமில்லை. ஒடியும் பிளேடுகளில் நிறைய கூர் மழுங்கி ஒடிந்தவை அல்ல, சுருள் அடைத்து ஒடிந்தவை. பித்தளைக்குக் குழிவே கூடாது, மேல்முகம் தட்டையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டூலைப் பித்தளை உறிஞ்சி இழுக்கும்.

முனையைச் சாய்வாகத் தீட்டினால் பிசிறு அறுந்த துண்டில் ஒட்டாது என்பது நிஜம். ஆனால் சாய்ந்த முனை பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும், மெல்லிய பிளேடு வளைந்து போய் அறுந்த முகம் கிண்ணமாகக் குழியும். ஸ்டீலுக்கு நேர்முனையே நல்லது, பிசிறை அப்புறம் ஃபைலில் எடுக்கலாம்.

வேகத்துக்கு வருவோம். ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு எம்.எஸ்.ஸில் வெட்டு வேகம் (ராடின் மேற்பரப்பு முனையைக் கடக்கும் வேகம்) நிமிடத்துக்கு 16 மீட்டர் வைத்தால் 20 மி.மீ. ராடுக்கு 250 ஆர்.பி.எம். ஒரு சுற்றுக்கு 0.04 மி.மீ. ஃபீட் என்றால் நிமிடத்துக்கு 10 மி.மீ. உங்கள் கிராஸ் ஸ்லைடு ஸ்குரூ 1 மி.மீ. பிட்ச் என்றால் ஹேண்டிலை 6 நொடிக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். யார் கையாலும் நிதானமாகச் செய்யக்கூடிய வேகம் இது. ஹெச்.எஸ்.எஸ்.ஸின் உண்மையான பலம் இதுதான். இந்த மிஷின்களில் கிராஸ் ஸ்லைடுக்குப் பவர் ஃபீட் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

ஃபீட் சரியாக இருந்தால் காகிதம் கிழிகிற மாதிரி சீரான ஓசை வரும், சுருள் கடிகார ஸ்பிரிங் போலச் சுற்றிக்கொண்டு வெளியேறும். தூளாக வந்தால் டூல் வெட்டவில்லை, தேய்க்கிறது. கிறீச்சலுக்கு மருந்து ஆர்.பி.எம்.மைக் குறைத்து ஃபீடைக் கூட்டுவது. பயத்தில் கை செய்வது இதற்கு நேர் எதிர்.

கியர் லீவர் லோவில் இருக்கட்டும். 350 வாட் மோட்டார், ஹையில் 2500, லோவில் 1100 ஆர்.பி.எம். வரை போகிற லேத் என்று வைத்தால், கணக்குப்படி ஹையில் கிடைக்கும் டார்க் (முறுக்குவிசை) 1.3 நியூட்டன் மீட்டர், லோவில் 3. மேலே சொன்ன 25 கிலோ விசை 20 மி.மீ. ராடில் கேட்பது 2.5. ஹையில் போட்டு ஸ்பீடு குமிழை மட்டும் குறைத்துவிட்டு, மோட்டார் நிற்கிறதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

கார்பைடு இன்செர்ட்

எம்ஜிஎம்என் 200 வகை 2 மி.மீ. இன்செர்ட்டும் அதற்கான ஹோல்டரும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. சுருளை மடக்கும் வடிவம் இன்செர்ட்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும், தீட்டும் வேலை இல்லை. முனை போனால் திருப்பிப் போட்டால் சென்டர் உயரம் (ராடின் மைய அச்சுக்கு நேரான முனை உயரம்) ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிரைண்டர் இல்லாதவருக்கு இது பெரிய வசதி.

சிக்கல் ஃபீடில். இதற்கு நிமிடத்துக்கு 60 மீட்டராவது கொடுத்தால்தான் சுகமாக வெட்டும். 20 மி.மீ. ராடில் அது 950 ஆர்.பி.எம். ஒரு சுற்றுக்கு 0.05 என்றால் நிமிடத்துக்கு 48 மி.மீ., ஹேண்டிலை நொடிக்கு முக்கால் சுற்றுக்கும் மேல் விடாமல் சுற்ற வேண்டும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அப்படிச் சுற்றத் துணிச்சல் வேண்டும். பெரும்பாலானோர் அதில் கால்பங்கு வேகத்தில் சுற்றுவார்கள். இன்செர்ட்டின் முனை சவரக்கத்தி அல்ல, லேசாக மழுக்கப்பட்டது. அந்த மழுக்கலைவிட மெல்லிய சுருளை அதனால் எடுக்க முடியாது, தேய்த்துச் சூடாக்கும். மிஷின் ஷாப்பில் நன்றாக வெட்டின டூல் வீட்டில் வெட்டவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பவரும் பாருங்கள். 2 மி.மீ. அகலம், 60 மீட்டர் வேகம் என்றால் 250 வாட். அதே ஃபீடில் 3 மி.மீ. இன்செர்ட் போட்டால் 375. கனமான டூல் உறுதியாக இருக்கும் என்று எம்ஜிஎம்என் 300 வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 350 வாட் மிஷினுக்கு 2 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம், 1.5 கிடைத்தால் இன்னும் நல்லது.

சென்டரை நெருங்கும்போது இன்னொரு தொல்லை. விட்டம் குறையக் குறைய வெட்டு வேகம் பூஜ்யத்தை நோக்கிப் போகும், கார்பைடு முனை அங்கேதான் சிதறும். கடைசி 2 மி.மீ.க்கு ஃபீடைப் பாதியாக்குங்கள், அல்லது மிஷினை நிறுத்திக் கையால் ஒடித்துவிடுங்கள்.

அலுமினியத்தில் மட்டும் இன்செர்ட் வெகு எளிதாக ஜெயிக்கும். பாலிஷ் செய்த கூர்முனை இன்செர்ட், பிரஷ்ஷால் மண்ணெண்ணெய், 1000 ஆர்.பி.எம்.; விசை ஸ்டீலில் வருவதில் பாதிக்கும் கீழே. உலர வெட்டினால் மட்டும் அலுமினியம் முனையில் ஒட்டிக்கொள்ளும்.

தலைகீழ் டூல்

இங்கிலாந்தின் மைஃபோர்டு லேத்காரர்கள் பல தலைமுறையாகச் செய்து வருவது: கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு போஸ்ட், அதில் பார்ட்டிங் பிளேடு தலைகீழாக. ஸ்பிண்டில் வழக்கம்போல முன்னோக்கித்தான் சுற்றும். பின்பக்கத்தில் ஜாபின் முகம் மேலே ஏறுவதால் விசை டூலை மேலே தூக்குகிறது. தூக்கினால் முனை ஜாபை விட்டு விலகும், கடிக்காது. ஜாபோ கீழே அமுங்கி ஹெட்ஸ்டாக்கின் கெட்டியான அடிப்பாகத்தில் உட்காரும். சுருள் பள்ளத்தில் தங்காமல் தானாகக் கீழே விழும். இவ்வளவையும் பாராட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தப் போஸ்ட் காம்பவுண்ட் மேல் இல்லை, நேராகக் கிராஸ் ஸ்லைடில் உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பெருமை அதற்குத்தான் போக வேண்டும்.

மைஃபோர்டின் நீளமான கிராஸ் ஸ்லைடில் டி-ஸ்லாட் இருப்பதால் அங்கே இது அரை மணி வேலை. மினி லேத்தின் கிராஸ் ஸ்லைடு குட்டை, ஸ்லாட்டும் கிடையாது. துளையிட்டு எம்6 டேப் போட வேண்டும், அல்லது புதிதாக நீள ஸ்லைடு செய்ய வேண்டும். செய்தாலும் முன்னே ஒரு போஸ்ட், பின்னே ஒரு போஸ்ட், நடுவில் ராடுக்கு இடம் நெருக்கடி.

மினி லேத்காரர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. முன்பக்கப் போஸ்ட்டிலேயே பிளேடைத் தலைகீழாகக் கட்டி, ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டுவது. விசை அதே மாதிரி மேல்நோக்கி வரும். சக் (ராடைத் தாடைகளால் பிடிக்கும் பகுதி) ஃபிளாஞ்சில் போல்ட் போட்டு மாட்டியிருப்பதால் இந்த மிஷின்களில் ரிவர்ஸில் வெட்டலாம். சக் மரையில் மாட்டும் மைஃபோர்டு எம்எல்7 போன்ற லேத்தில் இதைச் செய்யவே கூடாது, சக் கழன்று கையில் வரும். இரண்டு நிபந்தனைகள்: வெட்டுமுனை இப்போது பிளேடின் அடியில் இருப்பதால் ஹோல்டர் பிளேடின் உயரம் அளவுக்கு மேலே ஏற இடம் வேண்டும், சேடிலைப் பெட்டோடு பிடிக்கும் அடித்தகடுகள் சரியாக இறுக்கியிருக்க வேண்டும். புது மிஷினில் இவை லூஸாகவே வரும். சேடிலின் முன்பக்கத்தைக் கையால் தூக்கி டயல் கேஜில் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் முள் நகர்ந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் தலைகீழ் டூலைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் மாறாத செட்டிங்

சென்டர் உயரம் 0.1 மி.மீ.க்குள். ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் நேராகக் கட்டிய டூல் முனைக்கும் நடுவே மெதுவாக அமுக்கினால், செங்குத்தாக நின்றால் சரி. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது. பிளேடு ஜாபுக்குச் சதுரமாக இருக்க வேண்டும்: டயல் கேஜை ஹெட்ஸ்டாக்கில் நிறுத்தி, பிளேடின் பக்கத்தைத் தொடவிட்டுக் கிராஸ் ஸ்லைடை நகர்த்துங்கள், 20 மி.மீ.யில் 0.02க்கு மேல் வேண்டாம். பிளேடு வெளியே நீட்டுவது ராடின் பாதி விட்டத்தைவிட 2 மி.மீ. அதிகம், அவ்வளவுதான். வெட்டு சக்கின் தாடையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி. கேரேஜை, அதாவது சேடிலை, நகராமல் பூட்டுங்கள். எம்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயில் விடாமல் பிரஷ்ஷில்; பித்தளையும் வார்ப்பிரும்பும் உலர்ந்தே.

டெய்ல்ஸ்டாக் சென்டர் (ராடின் மறுமுனையைத் தாங்கும் கூர்) கொடுத்த ஜாபைக் கடைசிவரை அறுக்கவே கூடாது. துண்டு மெலிந்ததும் மடங்கிப் பிளேடை நசுக்கும். 4 மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்திவிடுங்கள். சந்தையில் எம்.எஸ். என்று வரும் கறுப்பு ராடு இழுவையானது, முகம் கிழிந்து வரும். எளிதில் வெட்டுப்படும் ஸ்டீல் ரகமான இஎன்1ஏ வாங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஹேக்சா

ஹேக்சா என்றால் தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு. 30 மி.மீ.க்கு மேல் ஸ்டீல் என்றால் மினி லேத்தில் இதுதான் முதல் தேர்வு. 40 மி.மீ. ராடில் அதே 25 கிலோ விசை கேட்கும் டார்க் 5 நியூட்டன் மீட்டர், அந்த மோட்டாரிடம் அது இல்லை. ஒரே ஒரு துண்டு வேண்டும் என்றாலும் டூல் செட் செய்யும் நேரத்தில் அறுத்தே முடித்துவிடலாம். பத்துப் பதினைந்து வாஷர் ஒரே அளவில் வேண்டும்போதுதான் ஹேக்சா தோற்கும்.

பார்ட்டிங் டூலால் 3 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பிளேடு நேராகப் போக அது வழிகாட்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். பெட் மேல் ஒரு பலகையைப் போடுங்கள், பிளேடு நழுவினால் பெட்டில் கீறல் விழாது. இன்ச்சுக்கு 18 பல் பிளேடு, குழாய் என்றால் 32. கால்வாசி அறுத்ததும் சக்கைக் கையால் திருப்பி அடுத்த பக்கம். ஸ்பிண்டிலை மெதுவாக ஓடவிட்டு ஹேக்சாவை மேலே வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பிளேடு சிக்கினால் ஃபிரேம் கையை விட்டுப் பறக்கும், சக் தாடை விரலுக்கு மிகப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வேண்டாம். துண்டின் நீளத்தில் 1 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, திருப்பிப் பிடித்து ஃபேசிங்கில் அளவுக்குக் கொண்டு வாருங்கள்.