காரைக்குடி மகளிர் குழுவின் பலகாரக் கடை: கைப்பக்குவமும் பொறுப்பும்

காரைக்குடியில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நடத்தும் பலகாரக் கடையில்தான் எங்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தொடர்ந்து வாங்கி வருகிறோம். தேன்குழல் எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாக இருக்கிறது. மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துத் திரித்து, சூடான நெய்யை ஊற்றி, ஆறுவதற்குள் பிடித்துவிடுகிறார்கள். டப்பாவைத் திறந்ததுமே அந்த வறுத்த மணம் வந்துவிடும். சீப்புச் சீடை மட்டும் சில வேளைகளில் சற்றுக் கடினம்.

சென்ற தீபாவளிக்கு அதிரசத்தில் குறை நேர்ந்தது. குழுவில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண்ணிடம் ஆர்டர் நோட்டை ஒப்படைத்திருந்தார்கள். பாகில் கிளறிய மாவு ஓரிரு நாளாவது ஊறிப் பதப்பட வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் அவர் மறுநாளுக்கே ஒப்புக்கொண்டுவிட்டார். மூத்தவர்கள் எல்லோரும் அடுப்படியில் இருந்ததால் நோட்டைப் பார்க்க ஆளில்லை. வந்த அதிரசம் ஓரம் முறுகி, நடுவில் பிசுபிசுத்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்வது நியாயமன்று. புதியவர்களுக்குப் பொறுப்பே தரக் கூடாது என்பதும் சரியன்று. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இக்குழுக்களின் நோக்கமே பெண்கள் தாமே பணத்தைக் கையாண்டு முடிவெடுக்கப் பழக வேண்டும் என்பதுதான். குழுவை வழிநடத்தும் ஊக்குநரும் அவருக்குத் துணையான இரண்டு பிரதிநிதிகளும் ஆண்டுக்கணக்கில் அதே மூவராக இருந்தால், வங்கிக்குப் போவதும் கையெழுத்திடுவதும் அவர்களோடு நின்றுவிட, மற்றவர்கள் சேமிப்புத் தொகை கட்டுபவர்களாகவே தங்கிவிடுகிறார்கள்.

எனவே காலம்தான் முக்கியம். என் கருத்தில் நோட்டைக் கைமாற்ற ஏற்ற மாதம் ஆடி. அப்போது கல்யாணங்கள் இல்லை, சீர்ப் பலகாரத்துக்கு ஆர்டரும் குறைவு. மூத்தவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து எந்தப் பலகாரத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று சொல்லித்தர நேரம் கிடைக்கும். ஆவணி முகூர்த்தங்களில் பழகிய கைக்கு ஐப்பசி நெரிசல் மலைப்பாகத் தோன்றாது. பிரதிநிதிப் பதவிக்கு இன்னும் சற்றுப் பொறுக்கலாம்: குழுவுக்குள் கொடுத்த கடன் ஒன்று தவணை தவறாமல் திரும்பி வருவதை ஒருமுறையாவது உடனிருந்து பார்த்தவரே கையெழுத்துப் பொறுப்பை ஏற்பது நல்லது. புதிய குழுவுக்குக் கடன் தரும் முன் வங்கியே ஆறு மாதச் செயல்பாட்டைப் பார்க்கிறதே!

தை மாதம் போனபோதும் நோட்டு அதே பெண்ணிடம்தான் இருந்தது; அவரிடமிருந்து அதைப் பறிக்காத மூத்தவர்களைப் பாராட்ட வேண்டும். இப்போது விசேஷ நாளை முதலில் கேட்டு, மாவு கிளற வேண்டிய நாளைப் பக்கத்திலேயே சிவப்பு மையில் குறித்துக்கொள்கிறார். அந்த முறை வந்த அதிரசம் நடுவரை ஒரே பதமாக வெந்து மெத்தென்று இருந்தது. அதிரசம் வேண்டுவோர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். தேன்குழலும் மாவுருண்டையும் பெரும்பாலும் கடையிலேயே கிடைக்கும்.